40 போட்டா நெட் பறக்குமா?

"ரவுட்டர் செட்டிங்ஸுக்குள்ள போங்க, 20-ன்னு இருக்கிறதை 40 ஆக்குங்க, ஸ்பீடு டபுள்!" யூடியூப்ல இந்த யோசனை ஓயாம வந்துக்கிட்டே இருக்கு. வாட்ஸாப் குரூப்புகள்ல சுத்துது. புது கனெக்‌ஷன் கொடுக்க வர்ற தம்பிகள்ல சிலர்கூட, நல்லது செய்யுறோம்னு நெனச்சு இதைப் பண்ணிட்டுப் போறாங்க. இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வருது. முழுப் பொய்யா இருந்தா ஒதுக்கிட்டுப் போயிடலாம். ஆனா இது ஒரு இடத்துல உண்மை, இன்னொரு இடத்துல தப்பு. எந்த இடம்னு சொல்லாமலேயே எல்லாருக்கும் மருந்து எழுதிக் கொடுக்கிறாங்க. ராஜபாளையம் பழையபாளையத்துத் தெருக்கள்லயும், ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளைச் சுத்தி இருக்கிற தெருக்கள்லயும் வீடுகள் சுவரோட சுவரா ஒட்டி நிக்குது. அந்த மாதிரி தெருவுல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை 40-க்கு மாத்தினா உங்க நெட்டும் தடுமாறும், பக்கத்து வீட்டு நெட்டும் தடுமாறும். ஏன்னு பொறுமையா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல அந்த 20, 40-ன்னா என்னன்னு பார்ப்போம். வைஃபை காத்துல பேசுறதுக்குக் குறிப்பிட்ட அகலத்துல அலைவரிசை வேணும். அந்த அகலத்தை மெகாஹெர்ட்ஸ்ல சொல்றாங்க. ஆரம்பத்துல ஒரு சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ்தான். 2009-ல வந்த 802.11என் தரம், பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு 20-ஐ ஒண்ணாச் சேர்த்து ஒரே 40-ஆ பயன்படுத்த வழி பண்ணுச்சு. இதுதான் சேனல் பாண்டிங். 20-ல டேட்டாவைத் தூக்கிட்டுப் போற சின்னச் சின்ன அலைகள் 52. 40-ல 108. ரெண்டு சேனலுக்கு நடுவுல சும்மா விட்டு வச்ச இடமும் உபயோகத்துக்கு வந்துடுறதால ரெண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடவே கிடைக்குது. அதனாலதான் ஒரு ஆன்டெனா இருக்கிற போன்ல 20-ல 72 எம்பிபிஎஸ் காட்டுற இடத்துல 40-ல 150 காட்டும். ரெண்டு ஆன்டெனா இருந்தா 144 இருந்த இடத்துல 300. அதுக்கப்புறம் வந்த 802.11ஏசி, 5 கிகாஹெர்ட்ஸ்ல இதை 80-க்கும் 160-க்கும் கொண்டு போச்சு. இப்ப வைஃபை 7-ல 320 வரைக்கும் வந்தாச்சு. கணக்கு இதுவரைக்கும் சரி. வீடியோக்காரர் சொல்ற "டபுள்" இங்கேருந்துதான் வருது.

ஆனா இந்தக் கணக்குல தெரு வரவே இல்லை. காத்துல நீங்க மட்டும் தனியா இருந்தா கிடைக்கிற எண் அது. நம்ம ஊர்ல யாரு தனியா இருக்கா?

2.4 கிகாஹெர்ட்ஸ்ல மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். 2400-லேர்ந்து 2483.5 வரைக்கும். அதுக்குள்ள 1-லேர்ந்து 13 வரைக்கும் சேனல் எண் போட்டிருக்காங்க. 13 இருக்கேன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனா ஒரு சேனல் எடுத்துக்கிறது 20. அதனால ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம இருக்கணும்னா 1, 6, 11 ஆகிய மூணுதான் நடைமுறையில தேறும். இப்ப ஒருத்தர் 1-ஐயும் 5-ஐயும் சேர்த்து 40 போடுறார்னு வச்சுக்கோங்க. அவர் 2402-லேர்ந்து 2442 வரைக்கும் எடுத்துக்கிறார். 1 மொத்தமா போச்சு. 6-ங்கிறது 2427-லேர்ந்து 2447 வரைக்கும். அதுலயும் முக்கால்வாசி போச்சு. தெருவுல மத்த எல்லாருக்கும் சுத்தமா மிஞ்சுறது 11 ஒண்ணுதான். (9-ஐயும் 13-ஐயும் சேர்த்து இன்னொரு 40 போட்டா ரெண்டும் மோதாம பொருந்தும்னு காகிதத்துல காட்டலாம். அந்த ரெண்டையும் தவிர தெருவுல வேற யாருமே வைஃபை வச்சிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.) ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வர்ற அன்னிக்கு ரத வீதியில வேற வண்டி எதுவும் போக முடியாது, தேர் நகர்ந்தாத்தான் மத்தவங்களுக்கு வழி. வருஷத்துல ஒரு நாள் ஊரே சேர்ந்து சந்தோஷமா அந்த அகலத்தை விட்டுக் கொடுக்குது. 40 போட்ட ஒவ்வொரு ரவுட்டரும் தினமும் அதே அகலத்தைக் கேக்குது, அதுவும் ஒரே வீதியில பல தேர்கள்.

"வைஃபை அப்படி முட்டிக்கிட்டு நிக்காதே, பேசுறதுக்கு முன்னாடி யாராவது பேசுறாங்களான்னு கேட்டுட்டுத்தானே பேசும்?" தெரிஞ்சவங்க இதைக் கேப்பாங்க. நியாயமான கேள்வி. பதில்தான் இந்த விஷயத்தோட மையம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா 40-ல அந்தக் கேக்குற காதே பாதி மந்தமாயிடுது. 40 போடும்போது ரெண்டு 20-ல ஒண்ணு முதன்மைச் சேனல், இன்னொண்ணு துணைச் சேனல். முதன்மைச் சேனல்ல இன்னொரு வைஃபை பேசுறதை -82 டிபிஎம் அளவு மெல்லிசா வந்தாலும் உங்க ரவுட்டர் கண்டுபிடிச்சு ஒதுங்கி நிக்கணும்னு தரம் சொல்லுது. துணைச் சேனலுக்கு 802.11என்-ல அந்த அளவு -62. இதுல 20 டிபி வித்தியாசம். 20 டிபின்னா 100 மடங்கு. அதாவது துணைச் சேனல்ல ஒருத்தர் 100 மடங்கு சத்தமாக் கத்தினாத்தான் உங்க ரவுட்டர் "அட, யாரோ இருக்காங்க"ன்னு நிக்கும். அதுக்குக் கீழ இருந்தா காலியா இருக்குன்னு முடிவு பண்ணி அவர்மேலேயே பேசிடும். (802.11ஏசி வந்தப்ப இந்த அளவை -72-க்குக் கொண்டு வந்து கொஞ்சம் சரி பண்ணாங்க. ஆனா அந்தத் தரம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும். 2.4-ல ஓடுற பழைய 802.11என் பெட்டிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை.)

இப்ப நம்ம ஊர் வீட்டை நெனச்சுப் பாருங்க. பழைய தெருக்கள்ல வீட்டோட முகப்பு குறுகலா இருக்கும், உள்ள போகப் போக நீளமாப் போகும். முன்னாடி திண்ணை, பட்டாசாலை, அப்புறம் உள்கட்டு, அடுப்படி, பின்னாடி கொல்லை. ஃபைபர் வயர் தெருவுலேருந்து வர்றதால பெட்டியை முன்னறையிலேயே மாட்டிடுறாங்க. அந்தப் பெட்டிக்கும் ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த வீட்டுப் பெட்டிக்கும் நடுவுல சில அடிதான். அதே பெட்டிக்கும் உங்க வீட்டு அடுப்படிக்கும் நடுவுல மூணு நாலு சுவர். செங்கலும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின பழைய சுவர்னா தடிமனும் ஜாஸ்தி. அப்ப உங்க ரவுட்டருக்கு உங்க சொந்தப் பின்கட்டைவிட பக்கத்து வீடும் எதுத்த வீடும்தான் பக்கம். ஒரு செங்கல் சுவரைத் தாண்டி, ரெண்டு சுவரைத் தாண்டி வர்ற பக்கத்து வீட்டு சிக்னல் -65, -70, -75-ன்னு வர்றது ரொம்ப சகஜம். அந்த எண்கள் எங்க விழுதுன்னு கவனிச்சீங்களா? -82-க்கும் -62-க்கும் நடுவுல. முதன்மைச் சேனல்ல இருந்தா அவங்களுக்கு வழி விட்டிருப்பீங்க. துணைச் சேனல்ல இருக்கிறதால அவங்க இருக்கிறதே உங்க ரவுட்டருக்குத் தெரியலை. ஒட்டுச்சுவர் வீடுகள்தான் இந்தக் குறையில சரியாப் போய் மாட்டுது.

மாட்டினா என்ன ஆகும்? பின்னறை டிவிக்கு உங்க ரவுட்டர் சிக்னல் -60-ல வருது, பக்கத்து வீட்டுது -70-ல வருதுன்னு வச்சுக்குவோம். நடுவுல வித்தியாசம் 10 டிபிதான். 300 எம்பிபிஎஸ்னு காட்டுற வேகத்துக்கு அந்த வித்தியாசம் 25 டிபி பக்கத்துல வேணும். அதனால பாக்கெட் உடையும். இங்க இன்னொரு வம்பு இருக்கு. 40-ல அனுப்புற பாக்கெட்டோட டேட்டா ரெண்டு பாதிலயும் பரவி இருக்கும். துணைப் பாதி மட்டும் கெட்டாலும் முதன்மைப் பாதியில நல்லா வந்த டேட்டாவும் சேர்ந்து வீணாப் போகும். திரும்ப அனுப்பணும். திரும்ப அனுப்புறதுக்கு முன்னாடி காத்திருக்கிற நேரம் ஒவ்வொரு தோல்விக்கும் ரெண்டு மடங்கா ஏறும். சும்மா அனுப்பும்போது 15 இடைவெளிக்குள்ள ஒண்ணு, அப்புறம் 31, 63-ன்னு ஏறி 1023 வரைக்கும் போகலாம். அதோட நிக்கலை. பாக்கெட் அடிக்கடி உடைஞ்சா ரவுட்டர் "சிக்னல் வீக் போல"ன்னு நெனச்சு வேகத்தைக் குறைச்சுக்கும். வேகம் குறைஞ்சா அதே டேட்டாவை அனுப்ப அதிக நேரம் காத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். அதிக நேரம் பிடிச்சா மோதுறதுக்கு இன்னும் வாய்ப்பு. ஸ்பீடு டெஸ்ட்ல நடுவுல ஒரு நல்ல எண் வந்துடும், ஆனா வீடியோ கால்ல குரல் உடையும். ஆன்லைன் வகுப்புல வாத்தியார் வாய் அசையும், சத்தம் வராது. படம் பார்த்தா சுத்திக்கிட்டே இருக்கும். பழி எப்பவும் நெட் கம்பெனிமேல விழும்.

தூரத்து அறைக்கு இன்னொரு செலவும் இருக்கு. ரவுட்டரோட மொத்த சக்தி மாறாது. அதே சக்தியை ரெண்டு மடங்கு அகலத்துல பரப்பும்போது ஒவ்வொரு துண்டுக்கும் பாதிதான் கிடைக்கும், கேக்குற பக்கம் இரைச்சல் ரெண்டு மடங்கா உள்ள வரும். கணக்குல 3 டிபி நஷ்டம். இது தரத்துலயே எழுதியிருக்கு. மிகக் குறைஞ்ச வேகத்துக்கு 20-ல -82 டிபிஎம் சிக்னல் போதும்னா 40-ல -79 வேணும். உச்ச வேகத்துக்கு -64-க்குப் பதிலா -61. ரவுட்டர் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு இந்த 3 டிபி ஒண்ணுமே பண்ணாது, அதை ஒத்துக்கணும். கொல்லைப்புறத்துல, மச்சுல, மொட்டைமாடியில கடைசிக் கோட்டுல தொங்கிக்கிட்டிருக்கிறவங்களுக்குத்தான் அது கனெக்‌ஷன் இருக்கா இல்லையாங்கிற வித்தியாசம். 2.4 கிகாஹெர்ட்ஸை நாம வச்சிருக்கிறதே அந்தக் கடைசி அறைக்காகத்தான். அங்க எட்டுறதைக் குறைச்சு, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு எண்ணைக் கூட்டுறது எப்படிப் பார்த்தாலும் தலைகீழ் வேலை.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல் எதிர்வாதம், "போன்ல 300-ன்னு காட்டுதே, கண்ணால பார்க்கிறோமே". அது லிங்க் ஸ்பீடு. போனும் ரவுட்டரும் ஒரு பாக்கெட்டைப் பேசுற நொடியில இருக்கிற வேகம். பாக்கெட்டுக்கு முன்னாடி வர்ற அறிமுகப் பகுதி, வந்து சேர்ந்துச்சுன்னு சொல்ற பதில், நடுவுல காத்திருக்கிற இடைவெளி, இதெல்லாம் அகலத்தைக் கூட்டினாலும் சுருங்காது. அதனால நல்ல சூழ்நிலையிலேயே லிங்க் ஸ்பீடுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கைக்கு வரும். இப்ப இதையே திருப்பிப் பாருங்க. சுத்தமான 20-ல, ரெண்டு ஆன்டெனா இருக்கிற போனுக்கு 144 காட்டினா 80 எம்பிபிஎஸ் பக்கம் கையில கிடைக்கும். 40, 50, 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிற வீட்டுக்கு அது போதும், இல்லைன்னா போதுமானதுக்குப் பக்கத்துல வந்துடும். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேக்குறது 15 எம்பிபிஎஸ். ஃபுல் ஹெச்டிக்கு 5. அந்த 15 விட்டு விட்டு வராம ஒரே சீரா வரணும், டிவிக்கு வேண்டியது அதுதான். 300-ன்னு ஒரு எண்ணைத் திரையில பார்க்கிறதுக்காக அந்தச் சீரை இழக்கிறோம்.

ரெண்டாவது, "ரவுட்டரே தானாப் பார்த்துக்குமே, ஆட்டோன்னு போட்டா போதாதா?" இதுல விஷயம் இருக்கு. 802.11என் எழுதினவங்களுக்கு இந்த ஆபத்து நல்லாவே தெரியும். அதனால 2.4-ல 40 போடுற ரவுட்டர் சுத்திலும் கேட்டுப் பார்த்து, மேல ஏறுற மாதிரி வேற வைஃபை இருந்தா 20-க்கு இறங்கணும்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க. அந்த ஏற்பாட்டை ஒழுங்காப் பின்பற்றுற பெட்டி நம்ம தெருக்கள்ல எந்நேரமும் 20-லதான் நிக்கும். அப்ப 40 போட்டு என்ன லாபம்? பிரச்சினை, அந்த ஏற்பாட்டை அணைக்கிறதுக்கும் பல ரவுட்டர்ல ஒரு பொத்தான் இருக்கு. வீடியோக்காரங்க காட்டிக் கொடுக்கிறதும் அந்தப் பொத்தானைத்தான். இன்னொண்ணு, ஐபோன் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 20-க்கு மேல போகவே போகாது. ஆப்பிள் கம்பெனி எந்த ரவுட்டரா இருந்தாலும் 2.4-ஐ 20-லயே வைங்கன்னு வெளிப்படையா சொல்லுது. வேகத்தைக் காட்டிப் பொருள் விக்கிற ஒரு கம்பெனி, ஒரு இடத்துல வேகத்தைக் குறைச்சு வைங்கன்னு சொன்னா அதுல காரணம் இருக்கும்.

மூணாவது எதிர்வாதம்தான் மனுஷத்தனமானது. "பக்கத்து வீட்டுக்காரர் 40 போட்டிருக்கார், நான் மட்டும் எதுக்கு ஒதுங்கணும்?" கோவம் புரியுது. ஆனா கணக்கைப் பாருங்க. அவர் 40 போட்டு ரெண்டு இடத்தை அடைச்சிட்டார்னா மூணாவது இடம் ஒண்ணு காலியா இருக்கும். நீங்க 20-ல இருந்தாத்தான் அந்த ஒண்ணுக்குள்ள முழுசா நுழைய முடியும். நீங்களும் 40 போட்டா அவரோடவோ தெருவுல இருக்கிற மத்தவங்களோடவோ மோதியே ஆகணும். இந்த அலைவரிசை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததும் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமப் பயன்படுத்தலாம்னு இந்தியாவுல 2005-ல விதி வந்துச்சு. இந்த மாதிரி உரிம விலக்கு விதிகளோட அடிப்படையே, மத்தவங்களுக்கு இடைஞ்சல் பண்ணக்கூடாது, இடைஞ்சல் வந்தா பாதுகாப்பும் கேக்க முடியாது, எல்லாரும் பகிர்ந்துக்கணும்ங்கிறதுதான். புகார் கொடுக்கப் போற இடம் கிடையாது. அதனால ஒரு தெருவோட வைஃபை நல்லா இருக்கணும்னா அந்தத் தெருக்காரங்களேதான் பார்த்துக்கணும். குப்பை, தண்ணி, சாக்கடைக்கெல்லாம் பேசி முடிவு எடுக்கிற தெருக்கள்தானே. இதையும் பேசலாம்.

நாலாவது, "5 கிகாஹெர்ட்ஸ் போடுங்கன்னு சொல்லப் போறீங்க, அது சுவரைத் தாண்டாதே". ஆமா, அதைத்தான் சொல்லப் போறேன். 5 கிகாஹெர்ட்ஸ் வெறும் தூரத்துலயே 2.4-ஐவிட 6, 7 டிபி கூடுதலா இழக்கும், சுவர்ல இன்னும் இழக்கும். அதே சுவர் பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸையும் உங்க வீட்டுக்குள்ள வரவிடாம நிறுத்துது. ஒட்டுச்சுவர் வீட்டுக்காரங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும்? இடமும் தாராளம். 2018 அக்டோபர்ல மத்திய அரசு வெளியிட்ட விதியில 5150-லேர்ந்து 5350 வரைக்கும், 5470-லேர்ந்து 5875 வரைக்கும், மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமப் பயன்படுத்தக் கிடைச்சுச்சு. 2.4-ல இருக்கிற 83.5-ஓட ஒப்பிட்டா ஏழு மடங்குக்கு மேல. இங்க 80 மெகாஹெர்ட்ஸ் பாண்டிங் தாராளமாப் போடுங்க. 36-லேர்ந்து 48, 149-லேர்ந்து 161-னு விலை குறைஞ்ச ரவுட்டர்லயும் ரெண்டு தனித்தனி 80 கிடைக்கும். ரெண்டு ஆன்டெனா 802.11ஏசி போன்ல 866 எம்பிபிஎஸ் லிங்க் வரும். சேனல் பாண்டிங் நல்ல கண்டுபிடிப்பு, அதுமேல எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இடம் இருக்கிற எடத்துல விரிச்சா அது வேலை செய்யும்.

பின்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டலைன்னா, அலையைத் தள்ளுறதை விட்டுட்டு வயரை இழுங்க. முன்னறைப் பெட்டியிலேருந்து ஒரு லேன் கேபிள் பின்னறைக்கு, அங்க இன்னொரு ரவுட்டரை அக்ஸஸ் பாயின்ட்டா போட்டா முடிஞ்சுது. வீட்ல சும்மா கிடக்கிற பழைய ரெட்டை பேண்ட் ரவுட்டரே போதும். ப்ளக்கில சொருகுற ரிப்பீட்டரை நான் ஆதரிக்க மாட்டேன். அது பெரும்பாலும் ஒரே சேனல்ல வாங்கி அதே சேனல்ல திருப்பிப் பேசும். ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவை போகுது. நெருக்கமான தெருவுல நெருக்கத்தைக் கூட்டுற பொருள் அது. "சுவர்ல வயர் போனா அசிங்கமா இருக்கும்"னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை, அது ரசனை. சுவரோரமா கேசிங் போட்டு இழுத்தா கண்ணை உறுத்தாது.

160-ஐப் பத்தி ரெண்டு வரி போதும். 5 கிகாஹெர்ட்ஸ்லயும் 160-ஐ வைக்க சில இடங்கள்தான் இருக்கு. பல போன்களும் லேப்டாப்பும் அதைப் புரிஞ்சுக்காது. 80-லயே கையில 500 எம்பிபிஎஸ் கிடைக்கும்போது 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 160 எதுக்கு? வீட்டுக்குள்ளேயே பெரிய பெரிய வீடியோ ஃபைலை ஒரு கம்ப்யூட்டர்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்துறவங்க மட்டும் யோசிக்கலாம். (2025 மே மாசம் 5925-லேர்ந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உரிமம் இல்லாம விடுறதுக்கு வரைவு விதி வெளியிட்டாங்க. அந்த 500 மெகாஹெர்ட்ஸ்ல 160 மூணு வைக்கலாம். அகலத்தோட உண்மையான வீடு அங்கதான்.)

கடைசியா ஒரு எதிர்வாதம், இதை நானே என்மேல வைக்கிறேன். 40 எங்கயுமே கூடாதா? கூடும். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போற பக்கம், மலையடிவாரத்துல மாந்தோப்பும் தென்னந்தோப்பும் விரிஞ்சு கிடக்கு. தோப்பு நடுவுல ஒத்தை வீடு. போன்ல வைஃபை பட்டியலைத் திறந்தா உங்க பேரு மட்டும்தான் இருக்குன்னா, 2.4-ல தாராளமா 40 போடுங்க. துணைச் சேனல்ல யாருமே இல்லாதப்ப காது மந்தமா இருந்தா என்ன. கொஞ்சம் தூரம் குறையும், வேகம் நல்லாவே கூடும். வேண்டாம்னு சொல்ல என்கிட்ட எந்தக் காரணமும் இல்லை. ஆக, ஒரே ஊரு, ஒரே கம்பெனி கொடுத்த ஒரே மாடல் பெட்டி, ரெண்டு வேற செட்டிங். அந்த வீடியோக்கள்ல எனக்கு இருக்கிற குறையே, பார்க்கிறவர் தோப்புல இருக்காரா பழையபாளையத்துல இருக்காரான்னு ஒரு வார்த்தைகூடக் கேக்காம "மாத்துங்க"ன்னு சொல்றதுதான்.

இதுல உண்மையிலேயே நிலைமையை மாத்தக்கூடியவர் நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற உள்ளூர்க்காரர்தான்னு நான் நம்புறேன். ஒரு தெருவுல பாதி வீட்டுக்கு ஒரே ஆள்தான் ஃபைபர் இழுத்துப் பெட்டி மாட்டியிருப்பார். யார் வீட்ல எந்தப் பெட்டி, எந்த மூலையில இருக்குன்னு அவருக்கு அத்துப்படி. 2.4-ஐ 20-ல வச்சு, வரிசையா வீடுகளுக்கு 1, 6, 11-னு போட்டுட்டுப் போனா அந்தத் தெருவுக்கே நெட் சீராயிடும். செலவு கிடையாது. பெட்டி மாட்டுற நேரத்துல கூட ரெண்டு நிமிஷம். ஆண்டாள் கோயிலைச் சுத்தி வரிசையா இருக்கிற பால்கோவா கடைகளையும் சேர்த்துச் சொல்றேன். கடைக்கு ஒரு வைஃபை, அதுல 2.4-ல மட்டும் ஓடுற கேமரான்னு போட்டா அங்கயும் நெருக்கடி தெருவுக்குக் குறைஞ்சது இல்லை. 3, 4, 8, 9-னு நடுச் சேனல்ல போடாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. நடுச் சேனல்ல இருக்கிறவர் ரெண்டு பக்கத்துக்காரரையும் கெடுக்கிறார், ரெண்டு பக்கத்துக்காரரும் அவரைக் கெடுக்கிறாங்க.

நான் சொல்றதை நம்பணும்னு அவசியம் இல்லை, உங்க வீட்லயே சோதிச்சுப் பார்க்கலாம். ஸ்பீடு டெஸ்ட் வேண்டாம், அதுல கம்பெனி லைனோட ஏத்த இறக்கமும் கலந்து வரும். பின்னறையில லேப்டாப்பை 2.4-ல சேர்த்து, ரவுட்டரோட சொந்த முகவரிக்கு (பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற சீட்டுல இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1) பிங் விடுங்க. ராத்திரி 8-லேர்ந்து 9 வரைக்கும், தெருவே படம் பார்த்துக்கிட்டிருக்கிற நேரம். ஒரு நாள் 40-ல, அடுத்த நாள் அதே நேரம் 20-ல. சராசரியைப் பார்க்காதீங்க. எத்தனை பாக்கெட் தொலைஞ்சுது, ஆக அதிகமா எவ்வளவு மில்லிசெகண்ட் ஆச்சு, இந்த ரெண்டை மட்டும் எழுதி வச்சு ஒப்பிடுங்க. லேப்டாப்பையும் பெட்டியையும் ரெண்டு நாளும் அதே இடத்துல வைங்க, கதவையும் அதே மாதிரி மூடியோ திறந்தோ வைங்க. 40-ல நல்லா வந்திருந்தா, கையை வைக்காம 40-லயே விட்டுடுங்க.